அனிமே பார்த்து வாழ்க்கை மாறுமா?

கேட்டவர் ஓர் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகன் எந்நேரமும் அனிமே பார்க்கிறான். கேட்டால் "இதுதான் என் வாழ்க்கையையே மாத்துச்சு" என்கிறானாம். ஜப்பான்காரர்கள் வரைந்த கார்ட்டூனைப் பார்த்து ஒருவருடைய வாழ்க்கை மாறுவது நடக்கிற காரியமா, இல்லை படிக்காமல் இருக்க அவன் சொல்லும் சாக்கா என்பது அவர் கேள்வி.

நடக்கிற காரியம்தான். தனி ஆட்களுக்கு மட்டுமில்லை, ஒரு நாட்டின் விளையாட்டுக்கே நடந்திருக்கிறது. ஆனால் பார்க்கிற எல்லோருக்கும் நடப்பதில்லை. நான் சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் வந்து சேரும் இளவயதுக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அனிமே வழியாக வந்தவர்கள். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். சிலர் ஒரு தொடர் முடிந்து அடுத்த தொடர், அது முடிந்து இன்னொன்று என்று அதே இடத்தில் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். அதைச் சொல்ல ஒரு கால்பந்துக் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1970களில் ஜப்பானில் விளையாட்டு என்றால் பேஸ்பால். கால்பந்து ஆடும் பள்ளிகள் இருந்தன, கம்பெனி அணிகளும் இருந்தன, ஆனால் போய்ப் பார்க்க ஆள் குறைவு. 1978இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையை டிவியில் பார்த்துக் கிறங்கிப்போன பள்ளி மாணவர்களில் ஒருவர் யோய்ச்சி தகாஹாஷி. நன்றாகப் படம் வரைவார். 1981இல் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 'கேப்டன் சுபாசா' என்ற சித்திரக்கதையைத் தொடங்கினார். 1983இல் அது அனிமே ஆனது. 128 எபிசோடுகள் ஓடியது.

சுபாசா என்ற சிறுவனுக்குப் பந்துதான் தோழன். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் காலில் பந்தை உருட்டிக்கொண்டே போவான். பிரேசிலுக்குப் போய் ஆட வேண்டும் என்பது ஆசை. கதை அவ்வளவுதான். ஆனால் எதிரணிப் பையன்களைத் தகாஹாஷி வெறும் வில்லன்களாக விட்டுவிடவில்லை. ஹ்யூகா அப்பாவை இழந்தவன், குடும்பத்துக்காக வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவன். அவன் ஆட்டத்தின் மூர்க்கம் அங்கிருந்து வருகிறது. மிசுகி மகா திறமைசாலி, ஆனால் இதய நோய்க்காரன், முழு ஆட்டமும் ஆட முடியாது. மிசாகியின் அப்பா ஊர் ஊராகப் போய் வரையும் ஓவியர், அதனால் அவனுக்கு எந்தப் பள்ளியும் நிலையில்லை. பார்க்கிற பையன் இவர்களில் யாரோ ஒருவனிடம் தன் சாயலைக் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் அவனால் அந்தத் தொடரை விட முடியாது.

ஆட்டம் நிஜத்தில் நடக்கவே முடியாத ஆட்டம். மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி முடிப்பதற்குள் பழைய நினைவுகள் எல்லாம் வந்துபோகும், எபிசோடே முடிந்துவிடும். உதைத்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு இது பொய் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் மறுநாள் காலையில் மைதானத்தில் தலைகீழாகப் பாய்ந்து பந்தை உதைத்துப் பார்த்தார்கள். சுபாசாவைப் பார்த்துத்தான் கால்பந்துக்கு வந்தேன் என்று சொல்கிறவர்களில் ஹிதேதோஷி நகாதாவும் ஒருவர். 1977இல் பிறந்தவர். தொடர் ஓடும்போது பள்ளிச் சிறுவன். பிற்பாடு இத்தாலி போய் ரோமா அணியோடு 2001இல் இத்தாலிய லீக் பட்டத்தை வென்றார். 1993இல் பத்து அணிகளோடு ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக் தொடங்கியது. 1998இல் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது, அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

இத்தனையையும் ஒரு அனிமே செய்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. கால்பந்துச் சங்கம் திட்டம் போட்டது, கம்பெனிகள் பணம் போட்டன, ஜிகோ போன்ற பிரேசில் ஆட்டக்காரர்கள் வந்து ஆடிக் காட்டினார்கள். ஆனால் அந்த லீக் தொடங்கியபோது ஆடுவதற்கும் பார்ப்பதற்கும் ஒரு தலைமுறை தயாராக இருந்ததே, அதைத் தயார் செய்ததில் சுபாசாவின் பங்கு பெரியது.

கடல் தாண்டியும் இது நடந்தது. இத்தாலியில் 'ஹாலி இ பெஞ்சி', ஸ்பெயினில் 'ஆலிவர் இ பெஞ்சி', அரபு நாடுகளில் 'கேப்டன் மாஜித்' என்று பெயர் மாற்றிக்கொண்டு இதே தொடர் ஓடியது. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸ், 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக அந்த ஒரே கோலை அடித்தவர், சின்ன வயதில் இந்தக் கார்ட்டூனைப் பார்த்ததுதான் தான் கால்பந்து ஆட வந்ததற்கு ஒரு காரணம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2018இல் அவரே ஜப்பானுக்கு வந்து சகான் தோசு அணியில் ஆடினார். 2004இல் ஈராக்கின் சமாவா நகரத்தில் ஜப்பானியப் படையினர் குடிநீர் விநியோகம் செய்தபோது, தண்ணீர் லாரிகளில் சுபாசா படத்தை ஒட்டிக்கொண்டு போனார்கள். அங்கே குழந்தைகளுக்கு அவன் கேப்டன் மாஜித், ஏற்கெனவே தெரிந்த பையன். தகாஹாஷியின் சொந்த ஊரான தோக்கியோவின் கத்சுஷிகாவில் இன்று தெருவில் சுபாசாவுக்குச் சிலைகள் இருக்கின்றன. கதையில் வரும் நான்கத்சு அணியின் பெயரில் நிஜமாகவே ஒரு கிளப் இருக்கிறது, நடத்துகிறவர்களில் முன்னால் நிற்பவர் தகாஹாஷிதான்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது இரண்டு சின்ன விஷயங்கள். பந்து விலை மலிவு, எங்கும் கிடைக்கும். இன்னொன்று, தொடர் வாரத்துக்கு ஒரு எபிசோட்தான் வந்தது. அரை மணி நேரம் பார்த்தால் அடுத்ததைப் பார்க்க ஆறு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு நாளும் பையன் என்ன செய்வான்? தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதைக் காலால் செய்து பார்ப்பான். அவன் ஆட்டக்காரன் ஆனது அந்த ஆறு நாட்களில்தான். அரை மணி நேரம் அவனை வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவே.

பந்து சரி, அது ஓடியாடும் விஷயம். உட்கார்ந்து யோசிக்கும் விளையாட்டிலும் இதே மாதிரி நடந்ததைச் சொல்கிறேன். 'கோ' என்று ஒரு பலகை விளையாட்டு. நீளத்துக்கும் அகலத்துக்கும் பத்தொன்பது கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள், கறுப்புக் காய்கள், வெள்ளைக் காய்கள். விதிகளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம், கரை காண ஆயுசு போதாது. 1990களின் ஜப்பானில் இது தாத்தாக்களின் விளையாட்டாகச் சுருங்கிப் போயிருந்தது. அந்த நேரத்தில் யூமி ஹொத்தா கதை எழுத, தகேஷி ஒபாதா வரைந்த 'ஹிகாரு நோ கோ' வந்தது. 2001இல் அனிமே. தாத்தா வீட்டுப் பரணில் பழைய பலகை ஒன்றை ஒரு பையன் கண்டெடுக்கிறான். அதற்குள் ஆயிரம் வருடம் முந்தைய ஓர் ஆட்டக்காரரின் ஆவி. ஆவிக்கு ஆட வேண்டும், பையனுக்கு அதில் துளி ஆர்வம் இல்லை. கதை இப்படித் தொடங்கி, மெல்ல மெல்ல அவன் தன் கையாலேயே ஒரு காயை வைக்க ஆசைப்படும் இடத்துக்கு வருகிறது.

இந்தத் தொடரின் தயாரிப்பாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும், யுகாரி உமேசாவா என்ற நிஜமான தொழில்முறை ஆட்டக்காரர் திரையில் வந்து, குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரம் ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். கதைக்கும் அவர்தான் ஆலோசகர். ஆகவே பார்க்கிற பிள்ளைக்குக் கதை முடிந்த சூட்டிலேயே செய்து பார்க்க ஒரு வேலை கிடைத்தது. பிள்ளைகள் கோ வகுப்புகளுக்குக் கூட்டமாக வந்தார்கள். இன்னொன்றையும் பாராட்ட வேண்டும்: தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கான பயிற்சி மாணவர் முறை, தேர்வு, அதில் தோற்றுப்போய் விலகும் நல்ல பையன்கள், இதையெல்லாம் தொடர் மறைக்காமல் காட்டியது. 'முயன்றால் எல்லோரும் ஜெயிக்கலாம்' என்று பொய் சொல்லவில்லை. தோற்றவர்களும் ஆட்டத்தை விடவில்லை என்பதைக் காட்டியது. நான் பார்த்தவரை மனதில் நெடுநாள் நிற்பது இந்த வகைத் தொடர்கள்தான்.

என் சொந்த ஆசைக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், 'சிஹாயாஃபுரு'. யூகி சுயேத்சுகு எழுதி வரைந்தது, அனிமே 2011இல் வந்தது. விஷயம் பழைய கவிதை. நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு என்று எண்ணூறு வருடம் முன்னால் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்த 'ஹ்யாகுனின் இஷ்ஷு'. இதை வைத்து ஜப்பானில் ஒரு சீட்டு ஆட்டம் ஆடுகிறார்கள், கருதா என்று பெயர். தரையில் ஐம்பது சீட்டுகள், ஒவ்வொன்றிலும் பாட்டின் பின்பாதி மட்டும். படிப்பவர் பாட்டை முதலிலிருந்து படிப்பார். எந்தப் பாட்டு என்று யாருக்கு முதலில் புரிகிறதோ அவர் கை அந்தச் சீட்டின் மேல் பாய வேண்டும். ஏழு பாட்டுகளை முதல் ஒலியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மீதிக்கு இரண்டு ஒலியோ மூன்றோ, இன்னும் கூடுதலாகவோ வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்யப் பதினைந்து நிமிடம் தருவார்கள். குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் முதல் அசை காதில் விழுந்ததும் நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பாய்ந்து சீட்டெடுப்பதாக நினைத்துப் பாருங்கள்.

ஓத்சு நகரத்தில், பிவா ஏரிப் பக்கம், ஓமி ஜிங்கு என்ற கோயில் இருக்கிறது. கருதாவின் தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்கள் அங்கேதான் ஜனவரியில் நடக்கும். உயர்நிலைப் பள்ளிகளுக்கான போட்டி ஜூலையில். இந்தத் தொடர் வந்த பிறகு பள்ளிகளில் புதிது புதிதாகக் கருதாக் குழுக்கள் முளைத்தன. எழுதியவர் அதோடு நிற்கவில்லை, 2019இல் ஆட்டத்தை ஆதரிக்க ஒரு நிதியமே தொடங்கினார். கூடைப்பந்தை ஜப்பானில் பெரிய அளவில் கொண்டுசேர்த்த 'ஸ்லாம் டங்க்'கை வரைந்த தகேஹிகோ இனோவேயும் இப்படித்தான்: 2006இல், ஆட்டக்காரப் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் உதவித்தொகை ஒன்றைத் தொடங்கினார்.

வாலிபால் இன்னும் பழைய கதை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அந்த உற்சாகத்தில் பிறந்தது 'அட்டாக் நம்பர் ஒன்', 1969இல் அனிமே. அதைப் பார்த்து ஒரு தலைமுறைப் பெண் பிள்ளைகள் பந்தடிக்க வந்தார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த வேலையை 'ஹைக்யூ' செய்கிறது.

எல்லாம் விளையாட்டா என்று கேட்டால், இல்லை. நவோகோ யமாசாகி 2010 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் போனவர். சின்ன வயதில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ', 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' பார்த்து விண்வெளி மேல் ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார். ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று டிவியில் தொடங்கியது. ஜப்பானிய ரோபோ பொறியாளர்களிடம் பேசினால் அந்தச் சிறுவன் ரோபோவின் பெயர் வராமல் இருக்காது. ஆனால் விண்வெளிக்குப் போவது பந்தை உதைப்பது மாதிரி அடுத்த நாளே செய்து பார்க்கும் காரியம் இல்லை. அதற்கு நடுவில் கணிதமும் இயற்பியலும் கல்லூரியும் பயிற்சியுமாக வருடக்கணக்கான வேலை. அனிமே அதன் முதல் படியில் மட்டும் இருக்கிறது.

வேறு ஒரு வகையும் உண்டு. நோவா லைல்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் வென்றவர், பெரிய அனிமே ரசிகர். அந்த வருட அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஓடுமுன் 'யூகியோ' சீட்டுகளை எடுத்துக் காட்டினார். 'டிராகன் பால்' முத்திரையைக் கையால் பிடித்துக் காட்டுவார். அவர் ஆஸ்துமாவோடு வளர்ந்தவர், மனச்சோர்வு பற்றியும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஓட்டம் அவருக்கு அனிமே கற்றுக்கொடுத்தது அல்ல. அடிபட்டு எழுந்து வரும் ஆள் தான் என்று தன்னையே நினைத்துக்கொள்ள அது ஓர் உருவத்தைக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மகன் சொல்வதும் ஒருவேளை இதுவாக இருக்கலாம். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினாறு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

'ஒரு மௌனக் குரல்' என்று தமிழில் சொல்லக்கூடிய 'கோயே நோ கதாச்சி' படத்தை (நவோகோ யமாதா இயக்கம், 2016) நான் பலரைப் பார்க்கச் சொல்வேன். காது கேட்காத ஒரு சிறுமியைப் பள்ளியில் கொடுமைப்படுத்திய பையன், பின்னால் தானே எல்லோராலும் ஒதுக்கப்படுகிறான். வருடங்கள் கழித்து அவளைத் தேடிப் போகிறான். போகுமுன் சைகை மொழி கற்றுக்கொண்டு போகிறான். மன்னிப்பு கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை, அதற்கு எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்பதைப் பாடம் நடத்தாமல் காட்டிய படம். பள்ளியில் கேலிக்கு ஆளானவர்களுக்கு மட்டுமில்லை, கேலி செய்தவர்களுக்கும் அதில் ஒரு வழி இருக்கிறது.

இந்தப் படத்தை எடுத்தது கியோத்தோ அனிமேஷன் நிறுவனம். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அங்கே தீவைத்ததில் 36 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சின்ன வயதில் அனிமே பார்த்து, அதை வரைவதற்கென்றே வந்தவர்கள். அனிமேவால் வாழ்க்கை அமைந்தவர்கள் என்று பேசும்போது இவர்களை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது.

அந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இடைப்படங்கள் வரைவார்கள், அதாவது ஓர் அசைவின் முக்கியமான இரண்டு படங்களுக்கு நடுவில் வரும் படங்கள். பல இடங்களில் மாதச் சம்பளம் இல்லை, படத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு படத்துக்கு 200 யென் அளவில் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆரம்ப வருடங்களில் அதை வைத்து தோக்கியோவில் வாடகை கொடுப்பதே கஷ்டம். கியோத்தோ அனிமேஷன் இதற்கு விதிவிலக்காக, வரைபவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட இடம். அதனாலும்தான் அந்த இழப்பு அந்தத் தொழிலுக்கு அவ்வளவு பெரியது.

ஹயாவோ மியாசாகி 'டொடோரோ' படத்தை 1988இல் எடுத்தார். எங்கள் குழந்தை இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்று பெற்றோர்கள் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது அவர் எண்ணம். காட்டையும் மரத்தையும் பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை வீட்டுக்குள்ளேயே இருப்பதில் அவருக்கு வருத்தம். ஆனால் அதே படத்தால் வேறொன்றும் நடந்தது. படத்தில் வரும் நிலத்துக்கு முன்மாதிரியான சயாமா குன்றுகள் தோக்கியோவின் விளிம்பில், சைதாமா பக்கம் இருக்கின்றன. 1990இல் அங்கே மக்கள் 'டொடோரோ' பெயரிலேயே ஒரு நிதி தொடங்கினார்கள், வீடு கட்ட விற்கப்பட இருந்த காட்டைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிக் காப்பாற்ற. 1991இல் முதல் துண்டு. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. நூறு தடவை பார்த்த குழந்தையையும், ஒரு தடவை பார்த்துவிட்டுக் காட்டுக்குப் பணம் கொடுத்தவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வரும் வித்தியாசம் தெரியும்.

இப்போது சிக்கல் எங்கே என்றால், அந்த ஆறு நாள் இல்லாமல் போய்விட்டது. ஓடிடியில் பன்னிரண்டு எபிசோடும் ஒரே நேரத்தில் கையில் இருக்கிறது. ஒன்று முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடுவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. ஒரு எபிசோட் நம்மை வெளியே தள்ளும் நேரத்தில் அடுத்தது உள்ளே இழுத்துவிடுகிறது. தொடர் அதே தொடர்தான், தரமும் குறையவில்லை. செய்து பார்க்கும் நேரம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. என் மாணவர்களில் எங்கெங்கோ போனவர்கள் என்று சொன்னேனே, அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்த இடைவெளியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்கள். ஒரு பெண் எபிசோடில் கேட்ட வசனங்களை நோட்டில் எழுதாமல் அடுத்ததைத் தொட மாட்டாள். ஒருவன் சமைக்கும் தொடர் பார்த்தால் அந்த வாரம் வீட்டில் அதைச் செய்து பார்ப்பான்.

ஜப்பானில் வீட்டுக்குள் ஒடுங்கி, வெளியே வராமலே வாழ்கிறவர்களை ஹிகிகோமோரி என்கிறார்கள். 2023இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். அனிமேதான் அவர்களை அப்படி ஆக்கியது என்று சிலர் பேசுவார்கள்; அது தவறு. வேலை போவது, பள்ளிக் கொடுமை, நோய், மனிதர்களிடம் பட்ட காயம் என்று காரணங்கள் வேறு. ஆனால் ஏற்கெனவே ஒதுங்கத் தொடங்கிய பிள்ளைக்கு, முடிவே இல்லாமல் ஓடும் திரை வசதியான மறைவிடம் ஆகிவிடலாம். மகன் நண்பர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டானா, தூக்கம் கெட்டுவிட்டதா, சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பேச வேண்டியது அனிமேயைப் பற்றி அல்ல, அவன் மனதைப் பற்றி. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம்.

உடல் சம்பந்தமாக ஒரு சின்ன விஷயம். 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான 'போக்கிமான்' எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமுமாக வேகமாக மின்னிய காட்சியால் ஜப்பான் முழுக்க கிட்டத்தட்ட 700 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 'அறையை வெளிச்சமாக வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்' என்ற வரி அங்கே அனிமே தொடங்கும்போது திரையில் வருவது அதனால்தான். நள்ளிரவில் போர்வைக்குள் போனை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கும் அந்த வரி பொருந்தும். அதோடு, அனிமே என்றாலே சிறுவர்களுக்கானது என்று எண்ண வேண்டாம். பெரியவர்களுக்கென்றே எடுத்தவை ஏராளம். வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மொழி, என் தொழில். 'டோரேமான்', 'ஷின்சான்' தமிழில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஜப்பானிய ஒலியிலேயே கேட்டுப் பழகுகிறார்கள். 2025இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கே வந்துவிட்டது. உலகம் முழுக்க ஜப்பானிய மொழி கற்க வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் அனிமேயும் மங்கா என்ற சித்திரக்கதைகளும் எப்போதும் முன்வரிசையில் இருக்கின்றன. இப்படி வருகிறவர்களுக்குக் காது தயாராக இருக்கும், உச்சரிப்பு நன்றாக வரும். சண்டைக் காட்சி வசனத்தை ஆசிரியரிடமே பேசிவிடுவார்கள், அதையும் திருத்த வேண்டியிருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு லாபம்: வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது என்று வாக்கிய அமைப்பு பெரும்பாலும் நம்முடையது மாதிரியே இருக்கும். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் பாதி வேலை குறையும்.

எழுத்து வரும்போதுதான் ஆட்கள் குறைவார்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜேஎல்பிடி) ஐந்து நிலைகள். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் முதல் நிலையான என்5இல் நூறு அளவுக்கு, உச்ச நிலையான என்1இல் இரண்டாயிரம் அளவுக்கு வேண்டும். தினமும் உட்கார்ந்து எழுதினால்தான் கை வரும். சப்டைட்டில் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று மட்டும் வந்தவர்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறார்கள். தாண்டுகிறவர்களுக்கு நிஜமான வழிகள் இருக்கின்றன. இந்தத் தேர்வு வருடத்தில் ஜூலை, டிசம்பர் என்று இரண்டு முறை, சென்னையிலேயே எழுதலாம். 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 நிலை மொழியறிவும் தொழில்திறன் தேர்வும் அடிப்படை. இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் நம் பிள்ளைகள் அந்த வழியில் போகிறார்கள்.

ஆகவே மகனிடம் சண்டை வேண்டாம். எந்தத் தொடர் என்று கேளுங்கள், கூட உட்கார்ந்து ஒரு எபிசோட் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதைப் பார்த்ததுக்கு அப்புறம் நீ என்னப்பா செஞ்சே?" அவனிடம் பதில் இருந்தால், அது படம் வரைவதாக இருந்தாலும் சரி, காலையில் ஓடுவதாக இருந்தாலும் சரி, அவன் சொன்னது சாக்கு இல்லை. பதில் இல்லையென்றால் இரண்டு பேருமாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், மறுநாளுக்குள் அதிலிருந்து ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பது. 'ஹைக்யூ' பார்க்கிறவன் என்றால் சாயங்காலம் வாலிபால் நடக்கும் மைதானம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பக்கத்திலேயே கிடைக்கும். வரைகிறவன் என்றால் கோக்கு, நருத்தோ போன்ற அனிமே நாயகர்களைப் பார்த்து வரைவதோடு, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்களையும் வரையச் சொல்லுங்கள்.

மொழிப் பக்கம் சாய்ந்தால் உடனே வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். இந்த விடுமுறையில் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலி எழுத்து வரிசைகளையும் அவனே கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46தான். 247 எழுத்து பழகிய கைக்கு இரண்டு மூன்று வாரம் போதும். அதை எழுதி முடித்த பிறகும் ஆர்வம் மிச்சம் இருந்தால் அழைத்துக்கொண்டு போய்ச் சேருங்கள்.